டிக் விழுந்தது, ரெடிட் ஏன் விழவில்லை?

"ஒரு காலத்தில் டிக் தளத்தை ரெடிட் காலி செய்தது. ஆனால் 2023-இல் ரெடிட்டுக்கு எதிராக அவ்வளவு பெரிய போராட்டம் நடந்தும் லெம்மி, கேபின் மாதிரியான புதிய தளங்களால் அதை அசைக்க முடியவில்லையே, ஏன்? இனிமேல் எந்தப் புதிய விவாதத் தளத்தாலும் முடியாதா? நான் லெம்மிக்கு மாறலாமா?" இதுதான் உங்கள் கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும். அதனால் டிக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

2004-ஆம் ஆண்டு இறுதியில் கெவின் ரோஸும் கூட்டாளிகளும் தொடங்கிய தளம் டிக். யார் வேண்டுமானாலும் ஒரு செய்தி இணைப்பைப் போடலாம். பிடித்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு அதிகம் வாங்கியது முகப்புக்கு ஏறும். பிடிக்காததைப் புதைக்க ஒரு பொத்தானும் உண்டு. அந்த முகப்பில் ஏறிய சின்ன இணையதளங்கள் கூட்டம் தாங்காமல் படுத்துவிடுவது அன்றைக்கு வாடிக்கை. 2008-இல் கூகுள் அதைச் சுமார் 20 கோடி டாலருக்கு வாங்கப் பேசுகிறது என்றுகூடச் செய்தி வந்தது. அந்தப் பேச்சு கைகூடவில்லை.

2010 ஆகஸ்ட் 25 அன்று டிக் தன் நான்காம் பதிப்பை வெளியிட்டது. பத்திரிகை நிறுவனங்கள் தங்கள் செய்திகளைத் தானியங்கியாக உள்ளே கொட்டலாம் என்றார்கள். புதைக்கும் பொத்தானை எடுத்துவிட்டார்கள். புதிய மென்பொருளோ அடிக்கடி மயங்கி விழுந்தது. பழைய பதிப்பையே திருப்பிக் கொடுங்கள் என்று பயனர்கள் கத்தினார்கள். அதற்கு வழியில்லை என்று நிர்வாகம் கையை விரித்தது. பயனர்கள் டிக்கின் முகப்பையே ரெடிட் இணைப்புகளால் நிரப்பினார்கள். ரெடிட்காரர்களும் சளைக்காமல் தங்கள் லோகோவில் டிக்கின் அடையாளமான மண்வெட்டியைச் செருகி வந்தவர்களை வரவேற்றார்கள். அந்த அக்டோபரிலேயே டிக் தன் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. 2012 ஜூலையில் அந்தத் தளத்தை பீட்டாவொர்க்ஸ் என்ற நிறுவனம் வாங்கியபோது செய்திகளில் வந்த விலை 5 லட்சம் டாலர்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவார்கள். நிர்வாகம் முட்டாள்தனம் செய்தது, மக்கள் கோபப்பட்டார்கள், மாறிவிட்டார்கள், அவ்வளவுதான் என்று. அப்படியென்றால் ரெடிட் செய்த முட்டாள்தனங்களுக்கு அது எத்தனையோ முறை செத்திருக்க வேண்டும். ஆகவே கோபத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

கதையில் விடுபடும் பகுதி, 2010-இல் ரெடிட் எந்த நிலையில் இருந்தது என்பது. அது புதிய தளமே இல்லை. 2005 ஜூனில் ஸ்டீவ் ஹஃப்மேனும் அலெக்சிஸ் ஒஹானியனும் தொடங்கியது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, கைபேசி வழியாகச் சாப்பாடு ஆர்டர் செய்யும் திட்டத்தோடு, புதிய நிறுவனங்களுக்குப் பணமும் வழிகாட்டலும் தரும் ஒய் காம்பினேட்டரின் முதல் அணியில் சேரப் போனவர்கள் அவர்கள். அந்தத் திட்டம் வேண்டாம், வேறு ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லப்பட்டதில் பிறந்ததுதான் ரெடிட். ஆரம்ப நாட்களில் தளத்தில் ஆளே இல்லை. நிறுவனர்கள் இருவரும் போலிப் பெயர்களில் கணக்குகள் திறந்து தாங்களே இணைப்புகளைப் போட்டு, ஊர் நிறைய ஆள் இருப்பதுபோல் காட்டினார்கள். இதைப் பின்னாளில் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். நேர்மையான வேலையா என்றால் இல்லை. ஆனால் ஒரு விவாதத் தளத்தின் முதல் எதிரி போட்டியாளர் அல்ல, வெறுமை என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அப்புறம் 2006 அக்டோபரில் கான்டே நாஸ்ட் என்ற பத்திரிகைக் குழுமம் ரெடிட்டை வாங்கியது. 2008 ஜனவரியில், எந்தப் பயனரும் தனக்கென ஒரு சப்ரெடிட்டைத் திறக்கலாம் என்ற வசதி வந்தது. சப்ரெடிட் என்றால் ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்கான தனி அறை. அதைத் திறந்தவரே அதன் மாடரேட்டர், விதிகளும் அவர் வைப்பவைதான். 2010 ஆகஸ்டில் டிக்கிலிருந்து வெளியேறியவர்கள் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, அங்கே ஐந்து வருடமாக மக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது, சண்டை போடவும் ஆள் இருந்தது.

இதற்கும் மேலாக ஒன்று உண்டு. என் பார்வையில் உங்கள் கேள்வியின் மையமே அதுதான். டிக் ஒரே கூட்டம். எல்லோரும் ஒரே முகப்பைப் பார்த்தார்கள். ஒரு பயனர் அதை விட்டுப் போனால் அவர் இழப்பது எதுவும் இல்லை: அவருடைய அறை என்று ஒன்று இல்லை, அவர் வளர்த்த குழு என்று ஒன்று இல்லை. ரெடிட் அப்படியல்ல. அங்கே ஆயிரக்கணக்கான தனித்தனி அறைகள். தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர்கள் ஓர் அறையில், நீரிழிவுக்காரர்கள் இன்னொன்றில், ஒரே வீடியோ கேமை விளையாடுபவர்கள் வேறொன்றில். ஒவ்வோர் அறைக்கும் அதன் பழைய ஆட்கள், அதன் நகைச்சுவை, அதன் விதிகள். ரெடிட்டை விட்டு மக்கள் மாறுவது என்றால் இந்த அறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீர்மானம் எடுத்து, ஒரே சமயத்தில், ஒரே இடத்துக்கு மாற வேண்டும்.

சென்னையில் வெளியூர்ப் பேருந்துகள் பலவற்றைக் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மாற்றியபோது எவ்வளவு முணுமுணுப்பு இருந்தது என்று நினைவிருக்கும். ஆனாலும் பயணிகள் கிளாம்பாக்கம் போனார்கள், ஏனென்றால் பேருந்து அங்கிருந்துதான் கிளம்பியது. கட்டடம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து யாரும் பேருந்து நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. அங்கே மாற்றத்தை ஓர் அரசு உத்தரவு செய்தது. இணையத்தில் அப்படி எல்லோரையும் ஒரே நாளில் கிளப்ப உத்தரவு போட யாரும் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2023-ஐப் பாருங்கள். அந்த ஏப்ரலில், வெளியார் செயலிகள் தன் தரவைப் பயன்படுத்தக் கட்டணம் வசூலிக்கப் போவதாக ரெடிட் அறிவித்தது. ஏபிஐ கட்டணம் என்பார்கள். ஐபோனில் பலர் விரும்பிப் பயன்படுத்திய அப்பல்லோ செயலியை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக், 5 கோடி கோரிக்கைகளுக்கு 12,000 டாலர் என்ற அந்தக் கணக்கில் தனக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் செலவாகும் என்று வெளியே சொன்னார். ஜூன் 12 அன்று 8,000-க்கும் அதிகமான சப்ரெடிட்கள் தங்களைப் பூட்டிக்கொண்டன. அன்று ரெடிட்டே கொஞ்ச நேரம் செயலிழந்தது. இது அடங்கிவிடும் என்று தலைமைச் செயல் அதிகாரி ஹஃப்மேன் ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு வெளியே கசிந்து இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பூட்டிய அறைகளைத் திறக்காவிட்டால் வேறு மாடரேட்டர்களைப் போடுவோம் என்று நிர்வாகம் நெருக்கியதும், சிலர் அறையைத் திறந்துவிட்டு வேறு விதமாகக் குறும்பு செய்தார்கள். படங்களுக்கான மிகப் பெரிய சப்ரெடிட்டில் ஜான் ஆலிவர் என்ற தொலைக்காட்சி நகைச்சுவையாளரின் படத்தை மட்டுமே போடலாம் என்று விதி மாறியது. அவரே தன் படங்களை அனுப்பி உதவினார். ஜூன் 30-இல் அப்பல்லோ மூடப்பட்டது. போராட்டமும் மெல்ல வடிந்தது.

போராடியவர்கள் யார் என்று கவனித்தால் காரணம் புரியும். அவர்கள் மாடரேட்டர்கள். சம்பளமில்லாமல், வருடக்கணக்கில், குப்பையைக் கூட்டிப் பெருக்கி அந்த அறைகளை வளர்த்தவர்கள். அறையின் பெயர், உறுப்பினர் பட்டியல், பத்து வருடப் பதிவுகள் எல்லாம் ரெடிட்டின் கையில் இருக்கின்றன. வெளியேறினால் அவற்றில் ஒன்றையும் எடுத்துப் போக முடியாது. அவர்கள் கேட்டது ரெடிட் திருந்த வேண்டும் என்று. ரெடிட் அழிய வேண்டும் என்று அல்ல. வேலைநிறுத்தம் செய்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போகும் தொழிலாளிகளின் மனநிலைதான் அது. வேறு வேலை தேடிக்கொண்டவர்கள் எதற்கு வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்கள்?

அடுத்த மார்ச் மாதம், 2024-இல், ரெடிட் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 34 டாலர். 2023 கடைசிக் காலாண்டில் நாளொன்றுக்கு 7 கோடிச் சொச்சமாக இருந்த பயனர் எண்ணிக்கை, ஒரே வருடத்தில் 10 கோடியைத் தாண்டியது. போராட்டம் ரெடிட்டுக்கு நல்லது செய்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வளர்ச்சிக்குப் பெரும் காரணம் கூகுள். தேடலில் ரெடிட் பக்கங்கள் மேலே வர ஆரம்பித்தன.

கூகுள் விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. நீங்களே கூகுளில் எதையாவது தேடும்போது கடைசியில் ரெடிட் என்று சேர்த்துத் தட்டியிருப்பீர்கள். விளம்பரக் குப்பையைத் தாண்டி மனிதர் எழுதிய பதில் வேண்டும் என்பதற்காக எல்லோரும் செய்கிற வேலை. 2023 ஜூனில் அறைகள் பூட்டப்பட்ட அந்த இரண்டு நாளில், கூகுள் தேடலில் வந்த இணைப்புகள் பலவும் பூட்டிய கதவில் போய் நின்றன. தேடல் கெட்டுப்போய்விட்டது என்று சம்பந்தமே இல்லாதவர்கள் புலம்பினார்கள். 2010-இல் டிக்கிடம் இப்படி ஒரு சேமிப்பு இல்லை. நேற்றைய செய்தி இணைப்பை இன்று யார் தேடுவார்கள்? ரெடிட்டிடம் இருப்பதோ கிட்டத்தட்ட இருபது வருடக் கேள்வி பதில். புதிய தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதனிடம் அந்தப் பழைய பதில்கள் கிடையாது. பயனர்கள் மாறினாலும் தேடுபவர்கள் ரெடிட்டில் வந்து விழுந்துகொண்டே இருப்பார்கள், அவர்களில் சிலர் அங்கேயே தங்குவார்கள். ஒரு தளம் விழுங்கிய எழுத்தே அதன் மதில் சுவராகிவிட்டது. 2024 பிப்ரவரியில் இந்தச் சேமிப்பைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்த கூகுளோடு ஓர் ஒப்பந்தம் வந்தது. ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் என்று செய்தி. எழுதியவர்களுக்கு அதில் ஒரு காசு இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ரெடிட்டை விட்டு வேறு தளத்துக்கு ஓடும் முயற்சி இதற்கு முன் 2015-இலும் ஒரு முறை நடந்தது. வோட் என்று ஒரு தளம், சுவிட்சர்லாந்தில் 2014-இல் தொடங்கியது, பார்க்க அப்படியே ரெடிட் மாதிரி. 2015 ஜூனில், குண்டானவர்களைக் கேலி செய்வதற்கென்றே இருந்த ஒரு சப்ரெடிட்டையும் வேறு சிலவற்றையும் ரெடிட் தடை செய்தது. அடுத்த மாதம், பிரபலங்களோடு கேள்வி பதில் நிகழ்ச்சிகளை ஒருங்கிணைத்த விக்டோரியா டெய்லரை வேலையை விட்டு நீக்கியதும் பெரிய பெரிய அறைகள் பூட்டப்பட்டன. இடைக்காலத் தலைவராக இருந்த எலன் பாவ் பதவி விலகினார். இரண்டு முறையும் கூட்டம் வோட்டுக்கு ஓடியது, அதன் சர்வர் சுருண்டது. ஆனால் முதலில் குடியேறியவர்கள் யார்? வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள். வெறுப்புப் பேச்சுக்காகத் துரத்தப்பட்டவர்கள். அடுத்த மாதம் நியாயமான குறையோடு வந்த சாதாரண ஆள் முகப்பைப் பார்த்ததும் மிரண்டு திரும்பிவிட்டார். அவர் திரும்பியதால் மிச்சமிருந்தவர்களின் குணமே தளத்தின் குணம் ஆனது. சர்வர் இடம் கொடுத்த நிறுவனம் கைவிட்டது, பணம் வாங்கும் வழியும் அடைபட்டது. 2020 கிறிஸ்துமஸ் அன்று வோட் மூடப்பட்டது. கருத்துச் சுதந்திரத்தை மட்டும் விளம்பரப் பலகையாக வைத்துத் தொடங்கும் தளங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. எல்லாவற்றையும் அனுமதிப்போம் என்றால் முதலில் வருவது, அந்த அனுமதி மிக அவசரமாகத் தேவைப்படுகிறவர்கள்தான்.

சரி, அப்படியானால் யாராலும் முடியாதா? மொத்த ரெடிட்டையும் ஒரே அடியில் சாய்ப்பது என்றால் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அறைகளாகப் பிரிந்திருப்பது ரெடிட்டின் பலம் என்று சொன்னேனே, அதுவே அதன் பலவீனமும்கூட. ஒவ்வோர் அறையாகக் கழற்றிக்கொண்டு போக முடியும். 2023-இலேயே அது நடந்தது, செய்திகளில் பெரிதாக வரவில்லை. ஸ்டார் டிரெக் ரசிகர்களின் மாடரேட்டர்கள் தங்களுக்கென ஒரு லெம்மி சர்வரையே நிறுவினார்கள் (லெம்மி, யாரும் சொந்த சர்வரில் நிறுவி நடத்தக்கூடிய மென்பொருள்). திருட்டுப் பதிவிறக்கம் பற்றிப் பேசும் சப்ரெடிட்டின் மாடரேட்டரும் ஒரு சர்வரை நடத்தத் தொடங்கினார். ரெடிட் எப்போது கதவைச் சாத்துமோ என்ற பயத்திலேயே இருந்த கூட்டம் அது, போக ஒரு காரணம் இருந்தது. பார்வையற்றோருக்கான சப்ரெடிட்காரர்கள் செய்தது இன்னும் அர்த்தமுள்ளது. ரெடிட்டின் சொந்தச் செயலி, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோடு ஒத்துழைக்காததால் அவர்கள் வெளியார் செயலிகளையே நம்பியிருந்தார்கள். கட்டண அறிவிப்பு வந்ததும், அவர்களைப் பொறுத்தவரை அது கதவை இழுத்து மூடுகிற வேலை. பிறகு ரெடிட் சில அணுகல்தன்மைச் செயலிகளுக்கு விலக்கு அளித்தது. ஆனாலும் அவர்கள் தங்களுக்கென ஒரு லெம்மி சர்வரை அமைத்துக்கொண்டார்கள்.

டிரம்ப் ஆதரவாளர்களின் மிகப் பெரிய சப்ரெடிட் போனதும் இந்த வகைதான். எனக்கு ஒவ்வாத கூட்டம், ஆனால் இடம்பெயரும் வித்தையை அவர்கள் அளவுக்குத் தெளிவாகச் செய்தவர்கள் குறைவு. 2019 ஜூனில் ரெடிட் அவர்களை ஒதுக்கி வைத்ததுமே, விரட்டப்படுவோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மாடரேட்டர்கள் சொந்தத் தளம் கட்டி, அதன் முகவரியை மாதக்கணக்கில் சப்ரெடிட்டிலேயே ஒட்டி வைத்து, ஆட்களை நகர்த்தினார்கள். 2020 ஜூனில் ரெடிட் தடை போட்டபோது அந்த அறை ஏறக்குறையக் காலியாகத்தான் இருந்தது.

இந்த எடுத்துக்காட்டுகளில் எல்லாம் ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மாடரேட்டர்களே முன்னால் நடந்தார்கள், கூட்டத்துக்கு ரெடிட்டில் இருக்க முடியாத, அல்லது முடியாமல் போகலாம் என்கிற சொந்தக் காரணம் இருந்தது. பொதுவான அதிருப்தி யாரையும் நகர்த்தவில்லை.

ட்விட்டர் பக்கம் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு அதை வாங்கியதும் பலர் மாஸ்டடானுக்குப் போனார்கள். 2016 முதலே இருந்த தளம் அது, லெம்மி மாதிரியே பல சர்வர்களாகப் பிரிந்தது. போனவர்கள் முதலில் சந்தித்த கேள்வி, எந்த சர்வரில் சேர்வீர்கள் என்பது. பாதிப் பேர் அங்கேயே சோர்ந்துவிட்டார்கள். மீதிப் பேரால் தங்கள் பழைய நண்பர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. ட்விட்டர் மாதிரியான இன்னொரு தளமான புளூஸ்கை இந்த இரண்டையும் எளிதாக்கியது. சேர்வது எளிது. அதோடு 2024 ஜூனில், ஒரு துறையைச் சேர்ந்தவர்களின் பட்டியலை ஒருவர் தொகுத்து வைத்தால் புதிதாக வருபவர் ஒரே தட்டலில் அனைவரையும் பின்தொடரலாம் என்ற வசதியையும் கொண்டுவந்தது. ஒரு கூட்டமே சேர்ந்து இடம்பெயர வழி செய்த சின்னத் தந்திரம் அது. பிரேசிலில் அந்த ஆகஸ்ட் இறுதியில் உச்ச நீதிமன்ற உத்தரவால் எக்ஸ் (ட்விட்டரின் புதிய பெயர்) தளம் முடக்கப்பட்டது. அக்டோபர் 8 வரை தடை நீடித்தது. அங்கிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் புளூஸ்கைக்கு வந்தார்கள். கிளாம்பாக்க உத்தரவு என்று நான் சொன்னது இங்கே நிஜமாகவே நடந்தது. நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்த இரண்டு வாரத்துக்குள் புளூஸ்கையின் கணக்குகள் 2 கோடியைத் தொட்டன. எக்ஸ் இதனால் விழவில்லை. ஆனால் பத்திரிகையாளர்கள், ஆராய்ச்சியாளர்கள் என்று சில கூட்டங்கள் கழன்று போயின. இங்கேயும் அறை அறையாகத்தான்.

இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா 2023 ஜூலையில் கொண்டுவந்த த்ரெட்ஸ் ஐந்தே நாளில் 10 கோடிக் கணக்குகளைத் தொட்டது. அதைப் புதிய தளம் என்று கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. இன்ஸ்டாகிராம் கணக்கை வைத்தே உள்ளே நுழையலாம் என்று வைத்தால் யாராலும் முடியும், யாரிடம் இன்ஸ்டாகிராம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நம் நாட்டின் கூ செயலிக்கு அது இல்லை. 2020-இல் தொடங்கி, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் எழுத இடம் கொடுத்து, 2021 தொடக்கத்தில் விவசாயிகள் போராட்டம் தொடர்பாக அரசுக்கும் ட்விட்டருக்கும் மோதல் வந்தபோது அமைச்சர்களையும் கவர்ந்தது. நைஜீரியா ட்விட்டரைத் தடை செய்தபோது அங்கேயும் போனது. 6 கோடி முறைக்குமேல் பதிவிறக்கம் ஆனதாக நிறுவனமே சொன்னது. 2024 ஜூலையில் மூடினார்கள். அமைச்சர் ஒருவர் வந்து கணக்குத் திறப்பது விளம்பரம். அவர் கணக்கின் கீழே சாதாரண மக்கள் தினமும் வந்து சண்டை போட்டால்தான் அது விவாதத் தளம்.

பழைய வெற்றிக் கதை ஒன்றும் இருக்கிறது, இதைப் புதிதாகத் தளம் கட்ட நினைப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நிரல் எழுதுபவர்களின் சந்தேகங்களுக்கு 2000-களில் பெரிய இடம் எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச். கூகுளில் தேடினால் அதுதான் மேலே வரும், போய்ப் பார்த்தால் பதிலை மறைத்து வைத்துச் சந்தா கேட்கும். வெறுத்துப் போயிருந்தார்கள் எல்லோரும். 2008-இல் ஜெஃப் ஆட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கினார்கள். பதில் இலவசம், எழுதியது எல்லாம் திறந்த உரிமத்தில். இதையெல்லாம் விட முக்கியம், இரண்டு பேருமே நிரலாளர்கள் மத்தியில் ஏற்கெனவே பெரிய வாசகர் கூட்டம் வைத்திருந்த எழுத்தாளர்கள். அந்த வாசகர்கள்தான் முதல் நாளே வந்து கேள்வி கேட்டதும் பதில் சொன்னதும். ரெடிட் நிறுவனர்கள் போலிக் கணக்கால் மறைத்த வெறுமையை இவர்கள் நிஜ மனிதர்களைக் கொண்டு நிரப்பினார்கள். சில வருடங்களில் அந்தத் துறையில் அதற்குப் போட்டியே இல்லை என்றானது.

அப்படிப்பட்ட ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைக் கீழே இறக்கியது எது? இன்னொரு கேள்வி பதில் தளம் அல்ல. 2021-இல் புரோசஸ் நிறுவனம் அதை 180 கோடி டாலருக்கு வாங்கியது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. அதற்கு முன்பே மெல்லக் குறைந்துகொண்டிருந்த புதிய கேள்விகளின் எண்ணிக்கை, அதன்பின் செங்குத்தாகச் சரிந்தது. ஏற்கெனவே கேட்ட கேள்வி என்று கேலி செய்து மூடிவிடும் மாடரேட்டர்களிடம் போய் நிற்பதைவிட, திட்டாத ஓர் இயந்திரத்திடம் கேட்கலாம் என்று ஆட்கள் நினைத்தார்கள். அந்தப் பதில்களில் கணிசமானவை ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்தே கற்றவை என்பது தனி வேதனை.

ரெடிட்டுக்கும் ஆபத்து வந்தால் அந்தத் திசையிலிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்பவர் இயந்திரத்திடம் போகிறார். அரட்டை அடிப்பவர் டிஸ்கார்டுக்கோ வாட்ஸப், டெலிகிராம் குழுக்களுக்கோ போகிறார். நடுவில் இருக்கும் தளத்துக்கு என்ன மிச்சம்? இயந்திரம் எழுதிய பதிவுகளையும் பின்னூட்டங்களையும் வடிகட்ட முடியாமல் போனால், ரெடிட் என்று சேர்த்துத் தேடும் அந்தப் பழக்கமே அர்த்தமிழக்கும். 2025 மார்ச்சில் கெவின் ரோஸும், ஆமாம், ரெடிட்டின் ஒஹானியனும் சேர்ந்து டிக்கைத் திரும்ப வாங்கியதாக அறிவித்தார்கள். பழைய எதிரிகள் இருவர் கைகோத்ததை ஊடகங்கள் ரசித்தன. டிக் என்ற பெயருக்காக ஓர் அறையாவது ரெடிட்டிலிருந்து மாறுமா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான்.

சின்னதாகவே இருந்து பிழைக்கிற தளங்களையும் சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பக்காரர்களின் ஹேக்கர் நியூஸ் 2007 முதல் ஏறக்குறைய அதே முகத்தோடு ஓடுகிறது. 2012-இல் வந்த லாப்ஸ்டர்ஸில் உள்ளிருப்பவர் அழைத்தால்தான் சேர முடியும். மெட்டாஃபில்டர் 1999-இல் தொடங்கியது. சேர 5 டாலர் கட்ட வேண்டும், அந்த ஐந்து டாலரே பாதி விஷமிகளை வாசலில் நிறுத்திவிடும். டில்ட்ஸ் என்ற தளத்தை 2018-இல் தொடங்கியவர் ரெடிட்டில் வேலை பார்த்தவர்; சப்ரெடிட்களில் மாடரேட்டர்களின் பாதி வேலையைத் தானாகச் செய்யும் நிரலை எழுதியவரும் அவரே. விளம்பரம் கிடையாது, முதலீட்டாளர் கிடையாது. இவை எதுவும் ரெடிட்டை வீழ்த்த நினைக்கவில்லை. அதனால்தான் உயிரோடு இருக்கின்றன என்பது என் கணிப்பு.

இப்போது லெம்மி. 2019-இல் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. யாரும் ஒரு சர்வரை நிறுவலாம், சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும், ஒரு சர்வரில் கணக்கு வைத்துக்கொண்டு இன்னொரு சர்வரின் அறையில் எழுதலாம். ரெடிட்டுக்குச் செயலி எழுதி விரட்டப்பட்ட சிங்க், பூஸ்ட் போன்றவற்றின் படைப்பாளிகள் லெம்மிக்கும் செயலி எழுதினார்கள், ஆகவே பயன்படுத்தக் கடினம் என்ற குறை இன்று பெரிதாக இல்லை. வேறு சிக்கல் உண்டு. ஒரே விஷயத்துக்கு நான்கு சர்வர்களில் நான்கு அறைகள் இருக்கும், நான்கிலும் அரைகுறைக் கூட்டம். சர்வர்களுக்குள் மனத்தாங்கல் வந்தால் உறவை முறித்துக்கொள்வார்கள். 2023 ஜூனில், கூட்டம் பொங்கி வந்த அதே நேரத்தில், பீஹா என்ற சர்வர் தன்னால் மேற்பார்வை செய்ய முடியவில்லை என்று சொல்லி லெம்மி.வேர்ல்டு உள்ளிட்ட பெரிய சர்வர்களோடு தொடர்பைத் துண்டித்தது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் முதல் வாரத்தில் வந்தவருக்கு இது ஒன்றும் புரிந்திருக்காது.

நீங்கள் மாறலாமா என்றால், உங்கள் அறையில் ஆள் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். லினக்ஸ், திறமூல மென்பொருள், தனியுரிமை, அறிவியல் புனைவு ரசிகர் வட்டம் என்றால் லெம்மியில் நல்ல பேச்சு நடக்கிறது, தாராளமாகப் போகலாம். தமிழ்நாடு, சென்னை, தமிழ் மொழி பற்றிய அறைகள் என்றால் ரெடிட்டில் இருக்கும் கூட்டத்தில் சொற்பமே அங்கே இருக்கும். நீங்கள் போய்ப் பேசத் தொடங்கி மற்றவர்களையும் இழுத்தால்தான் உண்டு. சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது அதை எத்தனை பேர் நடத்துகிறார்கள், மாதச் செலவை வெளியே காட்டுகிறார்களா என்று பாருங்கள். கேபின் மென்பொருளின் முதன்மை சர்வரான கேபின்.சோஷியல் முழுக்க ஒரே மனிதரை நம்பி ஓடியது. அவருக்கு உடல்நிலை, வேலைச் சுமை என்று வந்ததும் 2024-இல் அந்த சர்வரே இல்லாமல் போனது, அதில் எழுதியவர்களின் கணக்குகளும் போயின.

ரெடிட் கணக்கை மட்டும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். தரவைக் கேட்டுப் பெறும் வசதி ரெடிட்டிலேயே இருக்கிறது. விண்ணப்பித்தால் நீங்கள் எழுதிய பதிவுகளும் பின்னூட்டங்களும் ஒரு கோப்பாக வரும். அதை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு, சில மாதம் இரண்டு இடத்திலும் எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் கேள்விக்குத் தெரிந்த ஆள் வந்து பதில் சொல்கிறார் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.